கறுப்புக் கண்ணாடியின் கதை

காஞ்சிபுரத்துக் காந்தி ரோட்டில் வயதான மனிதர் ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சைக்கிளில் போனால், பார்க்கிறவர்கள் அவரைப் பற்றி மூன்று முடிவுகளில் ஒன்றுக்கு வருவார்கள். கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்பது ஒன்று. 'மெட்ராஸ் ஐ' வந்திருக்கிறது, கிட்டே போகக்கூடாது என்பது இரண்டு. இந்த வயதிலும் சினிமாவிலோ அரசியலிலோ ஆசை விடவில்லை என்பது மூன்று. நாலாவதாக ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று யாரும் நினைப்பதில்லை. எதிரில் இருப்பது நன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே ஒருவர் கறுப்புக் கண்ணாடி போடலாம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

நான் அந்த நாலாவது வகை. பதினெட்டு வருஷங்களாகப் பவர் வைத்த போலராய்ட் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். எனக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருவது பஸ்ஸா கோயில் தேரா என்று சந்தேகம் வந்துவிடும். ஆகையால் கடையில் தொங்குகிற சாதாரணக் கறுப்புக் கண்ணாடி எனக்கு உதவாது. காலையில் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமையில் தூண்டில் என்ற இரண்டு பைத்தியங்கள் எனக்கு உண்டு. இரண்டுக்கும் இதுதான் துணை. ஒரு பொருளோடு இத்தனை காலம் பழகிவிட்டால் அதன் பூர்வோத்தரத்தை விசாரிக்கத் தோன்றுகிறது. விசாரித்ததில், அந்தக் கதை நம் ஊர்ப் பக்கமாகவே இரண்டு மூன்று தடவை வந்துவிட்டுப் போயிருக்கிறது!

முதலில் மூக்குக் கண்ணாடி. இத்தாலியில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் அது தோன்றியது என்பது சரித்திரக்காரர்கள் பொதுவாக ஒப்புக்கொள்கிற சங்கதி. நம் நாட்டில் அதைப் போட்டுக்கொண்டு படித்தவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த மிகப் பழைய மனிதர்களுள் ஒருவர் வியாசதீர்த்தர். விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் போற்றிய மத்வ சந்நியாசி, 1539இல் மறைந்தவர். சோமநாதர் என்ற கவி அவருடைய வாழ்க்கையைக் காவியமாக எழுதியபோது, சுவாமிகள் கண்ணாடி வைத்துக்கொண்டு சுவடி படித்ததையும் சேர்த்துவிட்டார். புனாவில் இருந்த பி. கே. கோடே என்ற ஆராய்ச்சியாளர் இதை எடுத்துக்காட்டி எழுதியிருக்கிறார். போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்தது 1510இல். அவர்கள் மூலமாகவே கண்ணாடி வந்திருக்கலாம். இதில் நமக்குப் பெருமை என்னவென்றால், வியாசதீர்த்தர் இளமையில் சாஸ்திரங்கள் கற்றது காஞ்சியில்! இந்த வீதிகளில் நடந்து, இங்கே ஏடு படித்த கண்கள்தான் பிற்பாடு கண்ணாடி தேடியிருக்கின்றன.

இன்னொரு சங்கதி தஞ்சாவூரைச் சேர்ந்தது. தஞ்சைக்குப் பக்கத்திலுள்ள வல்லத்தில் பளிங்குக் கற்கள் கிடைத்தன. அவற்றைத் தேய்த்துக் கண்ணாடிச் சில்லு செய்கிற தொழில் வெள்ளைக்காரர் காலத்தில் பெயர் பெற்றிருந்தது. கல் கண்ணாடி கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பாட்டன்மார் சொல்லுவார்கள். சென்னை எழும்பூர்க் கண் ஆஸ்பத்திரி 1819இல் ஏற்பட்டது. அதற்குப் பதினான்கு வருஷத்துக்கு முன்புதான் லண்டனிலேயே மூர்ஃபீல்ட்ஸ் கண் ஆஸ்பத்திரி பிறந்திருந்தது. கண் விஷயத்தில் தமிழ்நாடு பின்தங்கிய நாடு அல்ல என்பதற்காகச் சொல்லுகிறேன்.

பவர் கண்ணாடியின் கதை இப்படி. போலராய்டின் கதை வேறு. அது வெளிச்சத்தின் கதை.

வெளிச்சம் ஓர் அதிர்வு. சூரியனிலிருந்து வரும்போது மேலும் கீழும், இடமும் வலமும், எல்லாப் பக்கமும் அதிர்ந்துகொண்டு வருகிறது. ஏரித் தண்ணீர் மேலோ ஈரமான தார் ரோட்டின் மேலோ சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது பெரும்பாலும் படுக்கைவாட்டில் மட்டும் அதிர்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்குத் தளவிளைவு என்று பெயர். நம் கண்ணைக் கூசவைக்கிற பளபளப்பு இந்தப் படுக்கைவாட்டு வெளிச்சம்தான். இதைக் கண்டுபிடித்தது சூரியாஸ்தமன வேடிக்கையால். 1808ஆம் வருஷம் பாரிஸில் மாலுஸ் என்ற எஞ்சினீயர், ஐஸ்லாந்துக் கல் என்கிற ஒருவகைப் படிகத்தின் வழியாக எதிரே இருந்த லக்ஸம்பர்க் அரண்மனை ஜன்னல்களைப் பார்த்தார். அவற்றில் மாலைச் சூரியன் பட்டுத் தெறித்தது. கல்லை விரலால் திருப்பத் திருப்ப அந்த ஒளி மங்குவதும் பிரகாசிப்பதுமாக இருந்தது. சில வருஷங்களுக்குப் பின் 1815இல், ஸ்காட்லாந்துக்காரர் ப்ரூஸ்டர் எந்தக் கோணத்தில் பார்த்தால் பளபளப்பு முழுவதும் அடங்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். தண்ணீருக்கு அது செங்குத்திலிருந்து 53 டிகிரி.

இந்தக் கணக்கை ஒரு தமிழர் கப்பல் மேல்தளத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். திருச்சி திருவானைக்காவில் 1888இல் பிறந்த சி. வி. ராமன்தான் அவர். 1921இல் கல்கத்தா சர்வகலாசாலைப் பிரதிநிதியாக இங்கிலாந்து போய்விட்டு, 'நார்குண்டா' என்ற கப்பலில் திரும்பிவந்துகொண்டிருந்தார். கடல் ஏன் நீலமாக இருக்கிறது? வானத்தின் நீலம் அதில் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான் என்று ராலே பிரபு என்ற மகா விஞ்ஞானி சொல்லியிருந்தார். அவ்வளவு பெரிய மனிதர் சொன்ன பிறகு வேறு யாராவது விசாரிப்பார்களா? ராமன் விசாரித்தார். அவர் கையில் நிக்கல் பிரிஸம் என்ற சிறு கருவி இருந்தது. பளபளப்பை வடிகட்டுகிற படிகம். அதைக் கண்ணில் வைத்து, ப்ரூஸ்டர் சொன்ன கோணத்தில் கடலைப் பார்த்தார். மேலே தெறிக்கிற வானத்தின் பிம்பம் அணைந்துவிட்டது. நீலமும் அணைந்திருக்கவேண்டும் அல்லவா? அணையவில்லை, முன்னைவிட ஆழமாகத் தெரிந்தது! நீலம் கடலின் உள்ளேயிருந்துதான் வருகிறது என்று அவர் எழுதியது அந்த வருஷமே 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்தது. தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடுவதும் நீலத்துக்குப் பெரிய காரணம் என்று இன்று அறிகிறோம். ஆனால் பிம்பத்தை விலக்கிவிட்டு உள்ளே பார்க்கவேண்டும் என்ற எண்ணம் ராமனுடையது. தண்ணீருக்குள் வெளிச்சம் சிதறுவதை அவர் விடாமல் துரத்திக்கொண்டு போனார். அந்த வழி 1928இல் ராமன் விளைவிலும், 1930இல் நோபெல் பரிசிலும் கொண்டுபோய் விட்டது. தூண்டில்காரன் ஏரிக்கரையில் இன்று செய்கிற காரியத்தைத்தான் ராமன் கப்பலில் செய்தார். அவருக்குக் கிடைத்தது கொஞ்சம் பெரிய மீன்.

ஆனால் நிக்கல் பிரிஸத்தை மூக்கில் மாட்டிக்கொள்ள முடியாது. அதைக் கண்ணாடித் தகடு ஆக்கிய கதை விசித்திரமானது. 1852இல் இங்கிலாந்தில் ஹெராபாத் என்ற டாக்டரின் சீடர் ஒருவர், கொய்னா தின்ற நாயின் சிறுநீரில் அயோடினைச் சொட்டினார். பச்சையாய்ச் சிறு படிகங்கள் தோன்றின. டாக்டர் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, ஒன்றின் மேல் ஒன்று படிந்த இடத்தில் சில கறுத்தும் சில வெளுத்தும் இருந்தன. நிக்கல் பிரிஸத்தின் வேலையை ஊசி முனைப் படிகம் செய்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அந்தப் படிகத்தைப் பெரிதாக வளர்க்க முடியவில்லை, தொட்டால் நொறுங்கியது.

எழுபது எண்பது வருஷம் கழித்து அமெரிக்காவில் எட்வின் லாண்ட் என்ற வாலிபர் வந்தார். நம் ஊர் அண்ணா பிறந்த அதே 1909இல் பிறந்தவர். ஹார்வர்ட் படிப்பைப் பாதியில் விட்டவர். பெரிய படிகம் வேண்டாம், கோடிக்கணக்கான பொடிப் படிகங்களை ஒரே திசையில் படுக்கவைத்து ஒரு தகட்டில் பதித்துவிட்டால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. 1929இல் அதற்குப் பேடண்டு கேட்டார். மோட்டார்கார் விளக்கின் கண்கூச்சத்தை ஒழிக்கவேண்டும் என்பது அவர் ஆசை. கார்க் கம்பெனிகள் அதை ஏற்கவில்லை. 1930களின் நடுவில் கறுப்புக் கண்ணாடிதான் வியாபாரமானது. 1938இல் அவர் கொய்னாவையும் விட்டுவிட்டார். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி ஒரே பக்கமாக இழுத்து, அயோடினில் தோய்த்தார். இழுத்த இழுப்பில் அதன் நீண்ட மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வரிசையில் நின்றுவிட்டன.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதை விளக்க வேறு உபமானம் வேண்டாம். தெருவில் பட்டுப் பாவு நீட்டுகிறார்களே, அதுதான்! ஊடை இல்லை, பாவு மட்டும். ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே திசையில் விறைப்பாக நிற்கின்றன. அந்த இழைகளின் நீளவாட்டில் அதிர்ந்து வருகிற வெளிச்சத்தை அவை விழுங்கிவிடும். குறுக்குவாட்டில் அதிர்வதை விட்டுவிடும். மூக்குக் கண்ணாடியில் இந்தப் பாவு படுக்கையாக ஓடுகிறது. ஆகவே தண்ணீரின் படுக்கைவாட்டுப் பளபளப்பு அதில் மாட்டிக்கொண்டு மடிகிறது.

இனி அனுபவம். பாலாற்றைத் தாண்டினால் தூசி மாமண்டூர் ஏரி. சித்திரமேக தடாகம் என்பது பழைய பெயர். பக்கத்துக் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரைகள் இருக்கின்றன. காலை எட்டு மணிக்கு வெறுங்கண்ணோடு பார்த்தால் ஏரி முழுவதும் வெள்ளித் தகடு, ஒன்றும் தெரியாது. கண்ணாடியை மாட்டினால் தகட்டை யாரோ சுருட்டி எடுத்தது போல் இருக்கும். கொட்டிப் பாசியும் சேறும், அவற்றின் நடுவே கெண்டையின் முதுகும் தெரியும். ஏரி பூராவும் அல்ல. ப்ரூஸ்டர் கணக்கு விடாது. என் கண் நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 4 மீட்டர் தள்ளி இருக்கிற தண்ணீர்தான் நன்றாகத் திறக்கும். நேர் கீழே பார்த்தாலும் பிரயோஜனம் இல்லை, தூரத்திலும் இல்லை. இன்னும் ஒன்று: மீன் தெரிகிற இடத்தில் மீன் இல்லை. தண்ணீர் வெளிச்சத்தை வளைப்பதால் அது உள்ளபடி இருப்பதற்கு மேலே இருப்பது போல் தோன்றும். இந்த ஏமாற்றத்தை எந்தக் கண்ணாடியும் தீர்க்காது, கைதான் பழகவேண்டும். தூண்டில் முள்ளில் புழுக் கோக்க, கண்ணாடியின் கீழ்ப்பாதியில் கிட்டப் பார்க்கிற பவரும் வைத்திருக்கிறேன்.

ஒரு காலையில் கரையோரமாகச் செக்கச்செவேலென்று ஒரு கொத்துத் தண்ணீருக்குள் மெல்ல நகர்ந்தது. விரால் குஞ்சுகள். அதற்குக் கீழே, நிழலோடு நிழலாக, தாய் விரால் நின்றது. குஞ்சுகளுக்குக் காவல். அந்தச் சமயத்தில் எதை அருகில் போட்டாலும் அது பாய்ந்து கடிக்கும். பிடிப்பது வெகு சுலபம். தாயைத் தூக்கிவிட்டால் அந்தச் சிவப்புக் கொத்து மாலைக்குள் மற்ற மீன்களுக்கு இரை. நான் தூண்டிலைச் சுற்றிக்கொண்டு வேறு கரைக்குப் போனேன். கண்ணாடி இல்லாவிட்டால் தண்ணீர் கலங்கியது என்று நினைத்து அங்கேயே எறிந்திருப்பேன். தெரிந்துவிட்ட பிறகு கை வரவில்லை.

சைக்கிள் விஷயம் வேறு. ஐப்பசி மழை விட்டு வெயில் அடிக்கும்போது தார் ரோடு முழுதும் கண்ணாடியாக மின்னும். எதிர் லாரியின் முகப்புக் கண்ணாடி கண்ணில் ஈட்டியாகப் பாயும். போலராய்ட் அதையெல்லாம் தணித்துவிடும். பள்ளம், கல், மாட்டுச் சாணம் எல்லாம் உள்ளபடி தெரியும். ஆனால் ஒரு ஆபத்து உண்டு. வழுக்குகிற ஈரம் தன்னை அறிவிப்பதே பளபளப்பினால்தான். அறிவிப்பை அணைத்துவிட்டால் வழுக்கல் மட்டும் பாக்கி. மழைக்காலத்தில் திருப்பங்களுக்கு முன் கண்ணாடியை மூக்கில் கொஞ்சம் இறக்கி, மேலாக ஒரு பார்வை பார்த்துக்கொள்வது என் வழக்கம். செல்போனைச் சாய்த்துப் பிடித்தால் திரை கறுத்துவிடும். சில கார்களின் பின்கண்ணாடியில் சிறுத்தைப் புள்ளிகள் தோன்றும். பயப்பட வேண்டியதில்லை. இரவில் மட்டும் இதைப் போடவே கூடாது.

நீண்ட நாள் உழைக்கவேண்டுமானால் வெயிலில் காயப்போடக்கூடாது. சூட்டில் நடுப் படலம் ஓரத்தில் பிரிந்துகொள்ளும். வேஷ்டி முனையால் துடைக்கக்கூடாது. நம் ஊர்ப் புழுதி உப்புக்காகிதம் மாதிரி. முதலில் தண்ணீர், பிறகு மெல்லிய துணி. என் முதல் ஜோடி ஆறு வருஷம் வந்தது. இப்போது போடுவது மூன்றாவது.

ஆக, பளபளப்பை நீக்குவது எப்போதும் நன்மையா? பாரதக் கதையைக் கேட்கலாம். மயன் கட்டிய மண்டபத்தில் தரை எது, தண்ணீர் எது என்று தெரியாமல் துரியோதனன் விழுந்தான். ஒரு யுத்தமே வந்தது. அவனுக்கு இந்தக் கண்ணாடி ஒரு ஜோடி கிடைத்திருந்தால் தேவலை. ஆனால் அர்ச்சுனன்? கீழே தண்ணீரில் தெரிகிற பிம்பத்தைப் பார்த்துத்தான் மேலே சுழலும் மீனை அடித்தான் என்று கதை சொல்லுகிறார்களே. அவன் மூக்கில் இது இருந்திருந்தால் பிம்பம் மங்கிப்போய், திரௌபதி வேறு யார் கழுத்திலாவது மாலை போட்டிருப்பாள்! எது வேண்டாத பளபளப்பு, எது வேண்டிய பிம்பம் என்பது பார்க்கிறவனுடைய வேலையைப் பொறுத்தது.

வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்து நீருக்கடியில் அத்தி வரதர் சயனித்திருக்கிறார். 1979இல் வெளியே வந்தார். நாற்பது வருஷம் கழித்து 2019 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 48 நாள் தரிசனம் தந்தார். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். 'உங்கள் கண்ணாடியைப் போட்டால் தண்ணீருக்குள் தெரிவாரா?' என்று ஒரு பையன் என்னைக் கேட்டான். தெரியமாட்டார். கண்ணாடி மேற்பரப்பின் மினுக்கை நீக்கும். கலங்கலையும் ஆழத்தையும் நீக்காது. காத்திருக்கத்தான் வேண்டும்.

காஞ்சிபுரம் பிழைப்பதே ஒரு பளபளப்பை வைத்துத்தான். பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் இருக்கிறார். நாற்பத்தேழு வயது, கோர்வைச் சேலையில் கைதேர்ந்தவர். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து, இரண்டையும் இழைக்கு இழை கோக்கிற வேலை அது. ஒரு நாள் என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு தறியில் இருந்த அரக்குச் சேலையைக் குனிந்து பார்த்தார்.

"என்னங்க ஐயா, பட்டு செத்துப் போச்சு! ஜரிகை மட்டும் உசிரோட நிக்குது!" என்றார்.

அவர் சொன்னது விஞ்ஞானம். பட்டின் மினுக்கு, தண்ணீரின் மினுக்கைப் போலத் தளவிளைவுக்கு உட்பட்டது. சாய்வாகப் பார்த்தால் கண்ணாடி அதைத் தணித்துவிடும். ஜரிகையின் மினுக்கு உலோகத்தின் மினுக்கு. அதைப் போலராய்ட் அவ்வளவாக அசைப்பதில்லை. சேலை எடுக்கப் போகிறவர்கள் இந்தக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் சொன்னதுதான் என் மனத்தில் தைத்தது. "எனக்கு இது வேண்டாங்க. கிட்டத்துல இழை தெரியிற மாதிரி ஒண்ணு இருந்தாத் தேவலை. ஒரு வருஷமாச்சு, இழை அறுந்தா வீட்டுக்காரியைத்தான் கூப்பிட்டுக் கோக்கச் சொல்றேன்."

"ஏன், போட்டுக்கொள்வதுதானே?" என்றேன்.

"கண்ணாடியோட தறியில உக்காந்தா, இவனுக்குப் பார்வை போச்சுன்னு மொதலாளி நெனைப்பாரு. கோர்வையை வேற ஆளுக்குக் கொடுத்துட்டு எனக்குச் சாதா சேலை போடுவாரு. கூலி பாதியாயிடுங்க."

நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பொருள் மங்குவது எல்லோருக்கும் வருவது, நோய் அல்ல. 2018இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயது தாண்டிய தொழிலாளர்களுக்குச் சாதாரணக் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்கப்பட்டவர்கள் கொடுக்கப்படாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இலை பறித்தார்கள். தேயிலைக்கே அப்படியென்றால் கோர்வைக்கு? இதை அவரிடம் சொன்னேன். வியாசதீர்த்தர் கதையையும் சொன்னேன். அஸ்ஸாம் அவரை அசைக்கவில்லை. ராஜாவுக்குக் குருவாக இருந்தவரே கண்ணாடி போட்டுப் படித்தார் என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் போனபோது அவர் மூக்கில் கண்ணாடி இருந்தது, பவர் ஒன்றரை. தறிக் குழியில், காலடிக்குப் பக்கத்தில், அதற்கு ஒரு பழைய தகர டப்பா. வாசலில் முதலாளியின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கண்ணாடி டப்பாவுக்குள் போய்விடுமாம். நான் இருக்கும்போதே அவர் வந்தார். சேலையை வெளிச்சத்தில் பிடித்து, கரை சேர்ந்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த பாவும் கோர்வைக்கே என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த டப்பாவை மூடிவைக்க வேண்டிய அவசியமில்லாத நாள் வரவேண்டும். ஊரில் எத்தனை தறிக் குழிகளில் இந்த மாதிரி டப்பாக்கள் இருக்கின்றனவோ!